பதினெட்டாவது ஆள்

வெயிலுமுத்து ரெண்டு ஆட்டை வாங்கிக்கொண்டு சொந்த அக்கா மகனைக் கவிழ்த்துவிட்டார் என்று 1998-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் கோவில்பட்டியில் ஒரு பேச்சு கிளம்பியது. ஹாக்கி மைதானத்தின் கிழக்கு கேலரியில் கிளம்பும்போது அது ஒரு ஆடாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் ரெண்டாகிவிட்டது. மெயின் ரோட்டு டீக்கடையில் அந்த ரெண்டில் ஒன்று சினை ஆடு என்றார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் மந்தையாகவே ஆகியிருக்கும். நல்லவேளை, அதற்குள் ஊருக்கு வேறு பேச்சு கிடைத்துவிட்டது.

முதலில் ஆட்டை விசாரித்துவிடலாம். ஆடு இருந்தது உண்மை. ஒரே ஒரு கிடாக்குட்டி, கருப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நாகலாபுரத்துக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில் பெத்தம்மாள் என்கிற அம்மாள் அதைத் தீப்பெட்டி ஆபீஸ் வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் கட்டிப்போட்டாள். வேன் ஓட்டுகிறவர் வெயிலுமுத்து. கேட்டால் வாங்க மாட்டார் என்று கேட்காமலே கட்டிவிட்டாள். வேனில் வந்த முப்பது பெண்களும் வாயைத் திறக்கவில்லை. கோவில்பட்டியில் வண்டியை நிறுத்தி எல்லாரும் இறங்கிய பிறகு, இறங்காத ஒன்று பின்னாலிருந்து கத்தியது. அன்றைக்குச் சாயங்காலமே பெண்களைக் கொண்டுவிடும்போது ஆட்டையும் கொண்டுபோய் இறக்கிவிட்டார். காலையில் ஊருக்குள் வந்த ஆட்டைப் பார்த்தவர்கள் ஒன்று என்றார்கள். சாயங்காலம் எட்டயபுரம் ரோட்டில் போன ஆட்டைப் பார்த்தவர்களும் ஒன்று என்றார்கள். கூட்டினால் ரெண்டுதானே.

ஆக, ஆடு தள்ளுபடி. ஆனால் அக்கா மகனைக் கவிழ்த்தார் என்பது அவ்வளவு சுலபமாகத் தள்ளுபடியாகிற விஷயமில்லை.

வெயிலுமுத்துக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. ஒரு தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) பதினாலு வருஷமாக வேன் டிரைவர். விடியுமுன்னே எழுந்து கரிசல்காட்டு ஊர்களுக்குப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார். பொழுது சாய்கையில் கொண்டுபோய் இறக்குவார். மிச்ச நேரமெல்லாம் ஹாக்கி. ஆடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஸ்டிக்கைப் பிடித்த ஒரே நாளில் ஹெட்மாஸ்டர் அறைக் கண்ணாடியை உடைத்தவர். ஆனால் ஆடுகிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எவன் பந்தை வாங்குமுன்பே தலையைத் தூக்கிப் பார்க்கிறான், எவன் வாங்கிய பிறகு யோசிக்கிறான், எவனுக்கு முன்னால் ஆள் வந்தால் கால் நடுங்குகிறது, எல்லாம் கேலரியில் மூன்றாவது படியில் உட்கார்ந்தபடியே சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பானால் ஆட்டக்காரன் சரியில்லை என்பார்.

அந்தக் கேலரிக்கு இந்தியாவில் வேறு எந்த கேலரிக்கும் இல்லாத ஒரு உரிமை இருந்தது. கதிரவன் ஹாக்கி கிளப்பின் பதினெட்டுப் பேர் அணியில் பதினேழு பேரைக் கோச்சும் கேப்டனும் எடுப்பார்கள். பதினெட்டாவது ஆளை ரசிகர்கள் சொல்ல வேண்டும். முன்னொரு வருஷம் கடும் வறட்சியில் மைதானம் புழுதிக்காடாகக் கிடந்தபோது, இந்த ரசிகர்கள்தான் எங்கெங்கோ தண்ணீர் பிடித்துவந்து, பத்து நாளும் விடியக்காலையில் தெளித்து, ரோலர் இழுத்துப் போட்டியை நடத்திவைத்தார்கள். பரிசளிப்பு அன்றைக்குக் கிளப் செயலாளர் நெகிழ்ந்துபோய், அடுத்த வருஷத்திலிருந்து ஒரு ஆள் உங்கள் ஆள் என்று சொல்லிவிட்டார். சாதாரணமாகச் சொல்லியிருந்தால் மறந்திருக்கலாம். மைக்கில் சொல்லித் தொலைத்தார்.

அவரும் லேசுப்பட்டவரில்லை. மறுநாளே நிபந்தனை போட்டார். ஆளுக்கு இருபத்தொரு வயது தாண்டியிருக்கக் கூடாது. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை டிரையல் ஆட்டம் முடிந்ததும், சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் விசில் ஊதுமுன்னே, ஒரே ஒரு பெயரை எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் செயலாளருக்கு. செயலாளரின் மச்சினன் மகன் ஒருவன் வருஷா வருஷம் புது ஷூ போட்டுக்கொண்டு, விசிலை எதிர்பார்த்து, கோல் போஸ்ட்டில் சாய்ந்து நிற்பான்.

ஒரு இடத்துக்கா இத்தனை என்று கேட்கிறவர்கள் மே மாதப் போட்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ரயில்வே, பேங்க், போலீஸ் என்று வெளியூர் அணிகள் வரும். கூடவே அந்தந்த அணியின் கோச்சுகளும் வருவார்கள். அவர்கள் கண்ணில் ஒரு பையன் பட்டுவிட்டால் கவர்ன்மெண்ட் வேலை. பதினெட்டாவது ஆள் மைதானத்தில் பத்து நிமிஷம் ஓடினாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு குடும்பம் கரையேறிவிடலாம்.

அந்த வருஷம் கரையேறக் காத்திருந்த குடும்பம் வெயிலுமுத்துவின் அக்கா சுப்புத்தாயுடையது. புருஷன் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். அவளும் அதே தீப்பெட்டி ஆபீஸில்தான் வேலை பார்த்தாள், குச்சியடுக்குகிற வேலை. மகன் செல்வகணேஷ். அவனுக்கு முதல் ஸ்டிக் வாங்கிக்கொடுத்தது மாமா. வேனில் முன்சீட்டில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனது மாமா. பையனும் சோடைபோகவில்லை. ரைட் அவுட், வலது ஓரத்தில் முன்னால் ஆடுகிறவன். கோடு பிடித்து ஓடினால் பந்து ஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு போகும். வருகிற நவம்பரில் இருபத்தொன்று முடிகிறது. அவனுக்கு இதுதான் கடைசி வருஷம். சுப்புத்தாய் தை பிறந்ததும் ரசிகர்கள் வீட்டுப் படிகளில் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ஒரு பஞ்சர்.

பிப்ரவரியில் ஒருநாள் சாயங்காலம் பெண்களைக் கொண்டுவிடப் போகும்போது நாகலாபுரத்துக்கு மேற்கே வேன் டயர் இறங்கிவிட்டது. ஜாக்கியை எடுத்துக்கொண்டு வெயிலுமுத்து குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அறுப்பு முடிந்த கரிசல் நிலம். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நாற்பது ஆடு மேய்கிறது. நடுவில் ஒரு பயல், வளைந்த வேலிக்கருவைக் கம்பை வைத்துக்கொண்டு ஆடுகளுக்கு ஊடாகப் பந்தைக் கொண்டுபோகிறான். கொண்டுபோகிறான் என்றால் தரையில் இல்லை. அந்தத் தரையில் பந்து உருளாது. கட்டியில் பட்டு முழங்கால் உயரத்துக்குத் துள்ளும், வெடிப்பில் விழுந்து திடீரென்று பக்கவாட்டில் பாயும். அவன் அதைத் துள்ளுகிற இடத்திலேயே கம்பால் தட்டி, அடுத்த கட்டியில் படுமுன்னே இன்னொரு தட்டு தட்டி, ஒரு கிடாவைச் சுற்றிக்கொண்டு போனான். வேனுக்குள்ளிருந்து பெண்கள் பொழுதாகுது என்று சத்தம் போட்டார்கள். வெயிலுமுத்து ஜாக்கியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

பயல் பேர் சீனி. பெத்தம்மாளின் மகன். பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் கற்றுக்கொடுத்த ஹாக்கி. பள்ளி முடிந்ததும் ஆடுதான்.

இதைப் பார்த்தவர் பார்த்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ரசிகன் என்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. தான் முதலில் கண்டுபிடித்ததை அடுத்தவனிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை கேலரியில் சொல்லிவிட்டார். அடுத்த வருஷத்துக்கு ஒரு பையன் இருக்கான் என்றுதான் சொன்னார். கேலரிக்கு அடுத்த வருஷம் என்கிற வார்த்தை காதில் விழவில்லை.

விழாதவர்களில் முக்கியமானவர் சங்கரபாண்டியன். மணியாச்சியில் ரயில்வே கேங்மேன், தண்டவாளம் பார்க்கிற வேலை. ஞாயிறுதோறும் பாசஞ்சரில் வந்து கேலரியில் உட்காருகிறவர். எதற்கெடுத்தாலும் ரூல் பேசுவார். அவருக்கு எதிர்க்கட்சி செண்பகராஜ் அண்ணாச்சி. சொந்தமாகச் சின்னதாய் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர், எதற்கெடுத்தாலும் அனுபவம் பேசுவார். அண்ணாச்சி கணேஷுக்கு நின்றார், சங்கரபாண்டியன் சீனியைப் பிடித்துக்கொண்டார். மற்ற ரசிகர்களும் ரெண்டாகப் பிரிந்தார்கள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர்கள் எல்லாம் விங்கில் ஓடுகிறவன் எப்படி ஓட வேண்டும் என்று தினமும் ஒரு மணி நேரம் விளக்கினார்கள். கணேஷ் பந்தை விட மாட்டான், பாஸ் கொடுப்பது தாமதம் என்றது ஒரு கட்சி. ஆட்டுக்குட்டியை ஏமாற்றுகிறவன் பேங்க் டீம் ஃபுல்பேக்கை ஏமாற்றிவிடுவானா என்றது மற்றொரு கட்சி. சலூனில் ஒரு பாதி முகத்தைச் சிரைத்துவிட்டு மறுபாதிக்கு வாதம் முடியட்டும் என்று காத்திருந்ததாகக்கூடச் சொல்கிறார்கள். வெயிலுமுத்து மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூட வேண்டிய நேரத்தில் மூடாததால் வந்த வினை அது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு வந்தது.

டிரையல் ஆட்டத்தில் கணேஷ் முதல் கால்மணி நேரத்திலேயே ரெண்டு பந்தை கோல் வட்டத்துக்குள் வெட்டிக்கொடுத்தான். ஒன்று கோல். கேலரியின் நச்சரிப்பில் வெயிலுமுத்துவே வேனில் ஏற்றிவந்த சீனி வெறுங்காலோடு நின்றான். கோவில்பட்டி மைதானம் சரள் தரை, ரோலர் இழுத்தது. பந்து நேராக ஓடிவரும். சீனிக்கு நேராக வரும் பந்து பழக்கமில்லை. எப்படியும் துள்ளும் என்று ஸ்டிக்கை ஒரு சாண் தூக்கியே வைத்திருந்தான். பந்து சாதுவாக அதற்கு அடியில் புகுந்து போய்விட்டது. மூன்று தடவை. கேலரி சிரித்தது.

"என்ன வெயிலுமுத்து, உம்ம ஆளு பந்தை எடுக்கானா, ஈ ஓட்டுதானா?" என்றார் செண்பகராஜ்.

தன் ஆள் கணேஷ்தான் என்று சொல்ல வெயிலுமுத்து வாயெடுத்தார். அதற்குள் அது நடந்துவிட்டது. ரைட் ஹாஃப் பலமாக அடித்த பந்து நடுவில் ஒரு கல்லில் பட்டு எகிறியது. அங்கே நின்ற நாலு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சீனி மட்டும் திரும்பவில்லை. இடுப்பு உயரத்தில் வந்த பந்தை ஸ்டிக்கால் ஏந்தி, முட்டையை இறக்குகிறமாதிரி காலடியில் இறக்கி, அதே வேகத்தில் நாலு பேரையும் கடந்து போய்விட்டான். அடித்தது போஸ்ட்டில் பட்டு வெளியே போனது. ஆனால் கேலரியில் சிரித்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"பந்து ஒழுங்கா வந்தா எவன்னாலும் எடுப்பான் அண்ணாச்சி," என்றார் சங்கரபாண்டியன். "ஒழுங்கில்லாம வரும்போது எடுக்கவன்தான் நமக்கு வேணும்."

வெயிலுமுத்து கண்டது இன்னொன்று. நாலு பேர் முகத்தைத் திருப்பினார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் கணேஷ். கேலரியில் மற்றவர்கள் சீனியைப் பார்த்தார்கள். அவர் கணேஷையும் பார்த்தார்.

ஐந்தேகாலுக்கு ஓட்டு. தீப்பெட்டி ஊரில் ஓட்டுச்சீட்டுக்கு எங்கே போவது. ரெண்டு காலித் தீப்பெட்டி. ஒன்றில் கிளிப் படம், மற்றதில் மயில். கணேஷுக்குக் கிளி, சீனிக்கு மயில். ஆளுக்கு ஒரு தீக்குச்சி கொடுக்கப்படும். ஒரு துண்டு மறைவில் போய், எந்தப் பெட்டியில் இஷ்டமோ அதில் போட்டுவிட்டு வர வேண்டும். பெட்டி கொண்டுவருவதும் பாதுகாப்பதும் எண்ணுவதும் வெயிலுமுத்து. அதனால் அவருக்கு ஓட்டு இல்லை. இந்த வருஷம் அக்கா மகன் நிற்பதால் பெட்டியை வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்று யாரோ முனகினார்கள். அதை மறுத்தது, ஆச்சரியம், சங்கரபாண்டியன்தான்.

"பெட்டி அவர்கிட்டயே இருக்கட்டும். பயந்துகிட்டே வச்சிருப்பாரு. தைரியமானவன் கையிலதான் பெட்டியக் குடுக்கக் கூடாது."

இருபத்தொரு பேர் போட்டார்கள். எல்லாரும் போட்டு முடித்ததும் டீ வந்தது. எண்ணுமுன்னே டீ குடிப்பது வழக்கம். வெயிலுமுத்து ரெண்டு பெட்டியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிளி இடதுபக்கம், மயில் வலதுபக்கம். மாறிவிடக் கூடாதே என்று தனக்குள் ரெண்டு தடவை சொல்லிக்கொண்டார். டீயை வாங்கிப் படியில் வைத்தார். மைதானத்தில் கணேஷ் கோட்டுக்கு அந்தப்பக்கம் ஸ்டிக்கை ஊன்றி இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான். சீனி குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். வெயிலுமுத்து காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்தார். கை பைக்குள் போனது. பெட்டியைத் திறந்தது. குச்சியை எடுத்தது. பக்கவாட்டில் உரசியது.

இருபத்தொரு வருஷமாக இதே வரிசையில் செய்கிற கை. தலையைக் கேட்டுச் செய்கிற வேலையா அது.

சர்ரென்ற சத்தத்தில் கேலரி முழுவதும் திரும்பியது. பீடி பற்றிக்கொண்டுவிட்டது. குச்சி இன்னும் விரலிடுக்கில் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி பைக்குள் திரும்பிப் போயிருந்தது.

"வெயிலுமுத்து, எதைக் கொளுத்துனீரு?" என்றார் சங்கரபாண்டியன் மெதுவாக.

ஊதி அணைத்தார். அதற்குள் தலை கருகிவிட்டது. ஜனநாயகத்தில் ஓட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், குளத்தில் போட்டிருக்கிறார்கள். ஓட்டை எடுத்துப் பீடி பற்றவைத்தது அதுதான் முதல் தடவை.

எண்ணிப் பார்த்தார்கள். கிளியில் பத்து. மயிலில் பத்து. இன்னொரு ஓட்டு வெயிலுமுத்துவின் விரலிடுக்கில் கருப்பாக இருந்தது.

மணி ஐந்து நாற்பது.

எரிந்த ஓட்டு செல்லுமா செல்லாதா என்று பத்து நிமிஷம் போனது. குச்சியில் தலைதான் குச்சி, தலை போனபிறகு அது வெறும் துரும்பு என்றான் ஒருவன். போட்டவன் போட்டுட்டான்லா, அப்புறம் அதை எரிச்சா என்ன, முறிச்சா என்ன என்றார் செண்பகராஜ். டி.டி.ஆர். கிழித்துக்கொடுத்த டிக்கெட்டும் டிக்கெட்தான், அதற்காகப் பாதிவழியில் யாரையும் இறக்கிவிட மாட்டார்கள் என்று சங்கரபாண்டியன் ரயில்வே ரூலைச் சொன்னார். அந்த ரெண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்தப் பருவத்தில் அதுதான் முதல் தடவை. ஓட்டு செல்லும். எந்தப் பெட்டி ஓட்டு என்பதுதான் கேள்வி. அது உலகத்தில் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

செயலாளர் அறையை விட்டு வெளியே வந்து நின்றார். கழுத்தில் விசில். மச்சினன் மகன் கோல் போஸ்ட்டை விட்டு ரெண்டடி முன்னால் வந்து ஷூ நாடாவை இறுக்கினான்.

"சொல்லும் வேய். மணி ஆகுது," என்றார் செண்பகராஜ். "எந்தப் பெட்டி?"

இடதுபக்கம் கிளி. கை போனது இடதுபக்கம். வெயிலுமுத்துவுக்கு அதில் சந்தேகமே இல்லை. கிளி என்று ஒரு வார்த்தை சொன்னால் பதினொன்று பத்து. அது உண்மையும்கூட. அக்காவின் எட்டு வருஷக் கஷ்டத்துக்கு ஒரு வழி பிறக்கும். யாரும் அவரைக் குறைசொல்லவும் முடியாது. உண்மையைச் சொல்லி, சொந்தத்துக்கும் நல்லது செய்ய மனுஷனுக்கு ஆயுசில் எத்தனை தடவை வாய்க்கும்.

கணேஷ் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். கேலரியைப் பார்ப்பான், அதுதான் அவனிடம் உள்ள குறை. பந்து வரும்போதும் ஒரு கண் கேலரியில் இருக்கும். அதை வெயிலுமுத்து நாலு வருஷமாக அறிவார், யாரிடமும் சொன்னதில்லை. சீனி குழாயை மூடிவிட்டு, வேனில்தானே ஊருக்குப் போகவேண்டும் என்று வேன் நிற்கிற பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தான். தன்னைப் பற்றித்தான் இங்கே பேச்சு நடக்கிறது என்றே தெரியாத நடை.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

"மயிலு," என்றார் வெயிலுமுத்து.

ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. அக்கா மகனுக்கு எதிராக எவனாவது பொய் சொல்வானா. அவர் கிளி என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள், சத்தியம் கேட்டிருப்பார்கள், ஒருவேளை அடிதடிகூட ஆகியிருக்கும். மயில் என்றதும் அப்படியே நம்பினார்கள். செண்பகராஜ் மட்டும் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். சங்கரபாண்டியன் ஓடிப்போய்ச் செயலாளரிடம் சீனி பெயரைச் சொன்னார். விசில் வாய்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு வெயிலுமுத்துவிடமிருந்து மூன்று காரணங்கள் கிடைத்திருக்கின்றன. செண்பகராஜிடம், பதட்டத்தில் எந்தப் பக்கம் எது என்று மறந்துவிட்டது என்றார். வீட்டுக்காரியிடம், கணேஷ் எப்படியும் பிழைத்துக்கொள்வான், அந்தப் பயலுக்கு நம்மை விட்டால் யாருமில்லை என்றார். சங்கரபாண்டியனிடம், மயில்தான், சத்தியமாக மயில்தான் என்றார். இதில் எது நிஜம் என்று கேட்டால் மூன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குள் நின்றது ஒன்றே ஒன்றுதான்: கல்லில் பட்டு எகிறிய பந்தும், முகத்தைத் திருப்பாத ஒரு பயலும். ரசிகனுக்குக் கண்ணில் பட்டதுதான் தெய்வம். அக்கா அப்புறம்.

போட்டியில் முதல் ரெண்டு ஆட்டம் சீனியை உட்காரவைத்தார்கள். மூன்றாவதில் கடைசிப் பன்னிரண்டு நிமிஷம் இறக்கினார்கள். கீப்பர் பேடில் பட்டு இடுப்பளவு எகிறிய ஒரு பந்தை அந்தரத்திலேயே தட்டி உள்ளே தள்ளினான். அடுத்த ஆட்டத்தில் அணி தோற்று வெளியேறியது. ஆனால் வெளியூர் கோச் ஒருத்தர் அவன் பெயரை எழுதிக்கொண்டு போனார். ஆடி மாதம் மெட்ராஸிலிருந்து கடுதாசி வந்தது. டெம்பரவரிதான், ஆனால் வேலை. அந்தக் கடுதாசி வந்த மறுநாள்தான் பெத்தம்மாள் கிடாக்குட்டியைக் கொண்டுவந்து வேனில் கட்டினாள்.

பயல் தேறாமல் போயிருந்தால் சுப்புத்தாய் தம்பியை மன்னித்திருப்பாள் என்று தோன்றுகிறது. தம்பி ஏமாந்துவிட்டான் என்று நாலு திட்டுத் திட்டி முடித்திருப்பாள். அவன் தேறிவிட்டதுதான் ஆறவில்லை.

அவள் ஆட்டுப் பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. யாராவது அவள் காதுபட எடுத்தால், எந்தம்பி அப்படி வாங்குறவன் இல்லை என்று வாயை அடைத்துவிடுவாள். அவள் கேட்டது வேறு. ஓட்டுப் போட்டு நாலு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் முற்றத்தில் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையெல்லாம் குச்சித்தூசி.

"பதினோரு பேரு வீட்டுக்கு நான் நடந்துருக்கேன்," என்றாள். "நேத்தும் நடந்தேன். பதினோரு பேரும் கிளியிலதான் போட்டேன்னு புள்ளை தலையில அடிச்சுச் சொல்லுதாவ. பெட்டியில பத்து இருந்துச்சுங்காவ. அப்ப ஒண்ணு எங்க போச்சு?"

வெயிலுமுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"ஊருல அத்தனை பேருமா உண்மையச் சொல்லுதாவ?" என்றார்.

"ஒருத்தன் பொய் சொல்லுதான். எவன்னு தெரியணும்."

வெயிலுமுத்து துடைத்த துணியை மடித்து வைத்தார். அவளும் வற்புறுத்தவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் குச்சி அடுக்குகிறவள். ஒன்று குறைந்தால் கைக்கே தெரிந்துவிடும். போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "எனக்கு நீ ஒரு குச்சி தரணும்லே."

கணேஷ் நவம்பர்வரை பொறுத்தான். பிறகு ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவான். வந்தால் மாமா வீட்டில்தான் முதல் சாப்பாடு. சிரித்துப் பேசுவான். டி.வி.யில் ஹாக்கி ஓடினால் ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். ரைட் அவுட்டில் ஆடுகிறவனைப் பற்றி மட்டும் ரெண்டு பேருமே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதைத் தாங்குவதைவிட அவன் ஒரு தடவை என் சட்டையைப் பிடித்திருந்தால் தேவலை என்று வெயிலுமுத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. கேலரிக்கு இன்னமும் பதினெட்டாவது ஆள் உண்டு. பெட்டியை இப்போது சங்கரபாண்டியன் வைத்திருக்கிறார். அவருக்கு பீடிப் பழக்கம் இல்லை. வெயிலுமுத்துவுக்கு ஓட்டு வந்துவிட்டது. வரிசையில் நின்று, குச்சியை வாங்கி, துண்டு மறைவில் போய்ப் போட்டுவிட்டு வருகிறார். யாருக்குப் போட்டீர் என்று கேட்டால் சிரிக்கிறார்.

போன சித்திரையில் அவர் மகளுக்குப் பூப்பு நீராட்டு விழா. தாய்மாமன் சீரை வீட்டுக்காரியின் பிறந்த வீட்டார் செய்தார்கள். அத்தை முறைக்கு சுப்புத்தாய் வந்தாள். மகளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினாள், பூ வைத்துவிட்டாள், பந்தியில் நின்று பரிமாறினாள். சாயங்காலம் புறப்படும்போது வெயிலுமுத்து வாசல்வரை வந்தார். வண்டியில கொண்டுவிடட்டுமாக்கா என்றார். வேண்டாம், நடந்து போறேன் என்றாள். ரெண்டடி போனவள் நின்று, வெறும் உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் சட்டைப் பையில் ஒரு முழுப் பெட்டி இருந்தது. அதில் ஐம்பது குச்சி இருந்திருக்கும். அவள் கேட்டது அந்தக் குச்சிகளை இல்லை என்று தெரிந்ததால் கை அந்தப் பக்கம் போகவில்லை.

"நாளைக்கு வாரேன்க்கா," என்றார்.

"வா," என்றாள் சுப்புத்தாய். கையை மடக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.